தவறான விடையின் தர்க்கம்: பள்ளிக் கணித மதிப்பீடும் செயற்கை நுண்ணறிவும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)

3.7, 3.45 ஆகிய இரண்டில் எது பெரியது? 6.28, 6.1 ஆகிய இரண்டில் எது பெரியது? ஓர் ஆறாம் வகுப்பில் இந்த இரு வினாக்களையும் கொடுத்து, வினாவுக்கு ஒரு மதிப்பெண் என்று திருத்தினால், சிலர் இரண்டுக்கு ஒன்று வாங்குவர். அந்த ஒரு மதிப்பெண் வாங்கியவர்களை அழைத்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று விசாரித்தால் அவர்கள் இரு கட்சியாகப் பிரிவர். முதல் கட்சிக்குப் புள்ளிக்குப் பின்னால் நிற்பதும் முழு எண்தான். 7-ஐவிட 45 பெரியது, ஆகவே 3.45 பெரியது, 1-ஐவிட 28 பெரியது, ஆகவே 6.28 பெரியது. இரண்டாம் கட்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சிறியது என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். நூறின் பங்கு வரை நீளும் எண் எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும் என்று அதிலிருந்து முடிவுகட்டிவிட்டார்கள். ஆகவே 3.7 பெரியது, 6.1 பெரியது. ஒரு கட்சிக்கு இரண்டாம் வினா சரி, மற்றதற்கு முதல் வினா சரி. மதிப்பெண் பட்டியலில் இருவரும் ஒன்று. மனத்தில் ஓடும் கணக்கோ நேர் எதிர்.

இவை கற்பனைக் கட்சிகள் அல்ல. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெயின்லியும் ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலிய மாணவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்து, ‘நீளமானதே பெரியது’, ‘குட்டையானதே பெரியது’ என்ற வகைகளில் இந்தச் சிந்தனைகளைப் பதிவு செய்தனர். அதே பல்கலைக்கழகத்தில் பின்னர் உருவான ‘ஸ்மார்ட்’ தேர்வுகள், மாணவர் எந்தக் கட்சி என்பதை ஆசிரியருக்குத் தெரிவிப்பதையே நோக்கமாகக் கொண்டவை. அவற்றில் மதிப்பெண்ணுக்கு முதலிடம் இல்லை.

இந்தச் சொற்பொழிவு ஒரே ஒரு கருத்தை முன்வைக்கிறது. பள்ளிக் கணிதத்தில் செயற்கை நுண்ணறிவை விடைத்தாள் திருத்தும் இயந்திரமாக நுழைத்தால் பழைய கோளாறு வேகம் பெறும், அவ்வளவுதான். மாணவரின் விடையைப் பார்த்து, அவர் இப்படி நினைத்திருக்கலாம் என்று ஊகித்து, அந்த ஊகத்தைச் சோதிக்கும் அடுத்த வினாவை ஆசிரியரின் கையில் தரும் துணையாக அமைத்தால்தான் மதிப்பீடு மாறும். இக்கருத்துக்கு ஆதாரமான செய்திகளும், அதற்கு எதிராகச் சொல்லத்தக்க செய்திகளும் கீழே வரிசையாக அமைகின்றன.

1. இரண்டு வேலைகள், ஒரே தேர்வு

பள்ளித் தேர்வு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, மாணவர்களை வரிசைப்படுத்துவது. மற்றொன்று, ஒருவருக்கு எது விளங்கவில்லை என்று கண்டறிவது. முதல் வேலைக்கு மதிப்பெண் போதும். இரண்டாவதற்கு மதிப்பெண் ஏறத்தாழப் பயனற்றது. 100-க்கு 62 என்ற எண், எந்த 38 போயிற்று, ஏன் போயிற்று என்று சொல்லுவதில்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளை இங்கு வந்துள்ள ஆசிரியர்கள் மனப்பாடமாக அறிவர்: ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமுமாக எட்டு மதிப்பெண் இரண்டு. இந்த அமைப்பின் மிகச் சிறந்த அம்சம் ‘ஸ்டெப் மார்க்’. இறுதி விடை பிழையானாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்ற ஏற்பாடு, சிந்தனைக்கு மதிப்புத் தருவதற்காகப் பிறந்தது. ஆனால் விடைக்குறிப்பில் அச்சிட்ட படிகளே சிந்தனை என்ற நிலைக்கு அது சுருங்கிவிட்டது. வாய்பாட்டை எழுதினால் ஒன்று, பிரதியிட்டால் ஒன்று என்று கைடு நூல்கள் சொல்லிக்கொடுக்கின்றன. வாய்பாடு எதற்கு என்று தெரியாத மாணவரும் அந்த ஒன்றை வாங்கிவிடுகிறார். திருத்தும் முகாமில் குவிந்து கிடக்கும் கட்டுகளுக்கு நடுவே, வேறு வழியில் சென்ற ஒரு விடையை நிதானமாகப் படிக்க ஆசிரியருக்கு நேரம் இருப்பதில்லை.

இரண்டாம் வேலையைத் தனியே பிரிக்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில், வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வகுக்கப்பட்டது. வளரறி மதிப்பீடு என்பது கற்கும்போதே கண்டறிந்து திருத்துவதற்கானது. அதற்கு 40 என்று எண் கொடுத்த உடனேயே அதுவும் பதிவேட்டில் நிரப்பவேண்டிய மற்றொரு மதிப்பெண்ணாகிவிட்டது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிப்பது. மதிப்பெண்ணைவிட நிலை மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அரும்பு நிலையிலேயே இருக்கும் இரு குழந்தைகள் முற்றிலும் வெவ்வேறு காரணங்களுக்காக அங்கே இருக்கக்கூடும்.

2. பென்னியும் விடைத்தாளும்

இயந்திரத்தனமான மதிப்பீடு என்ன செய்யும் என்பதை அறியக் கணினி வேண்டியதில்லை. 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை அதைக் காட்டிவிட்டது. கணிதக் கல்வி பயில்வோர் கட்டாயம் படிக்கவேண்டியது அது. தமிழில் அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை என்பது குறையே.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1960-களில் உருவான தனியாள் கற்பித்தல் திட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாணவரும் தம் வேகத்தில் பயிற்சி ஏடுகளைச் செய்வார். விடைகள் விடைக்குறிப்போடு ஒப்பிடப்படும். 80 விழுக்காடு சரியென்றால் அடுத்த ஏடு. இன்றைய ‘தகவமை கற்றல்’ செயலிகளின் நடைமுறை அப்படியே அதில் இருந்தது. திரை மட்டும் இல்லை. பென்னி என்று கட்டுரையில் பெயர் சூட்டப்பட்ட 12 வயதுச் சிறுவன் அந்தத் திட்டத்தில் இரண்டாம் வகுப்பிலிருந்து படித்து வந்தான். ஏடுகளை வேகமாகக் கடந்தான். ஆசிரியரின் கணிப்பில் கணிதத்தில் சிறந்த மாணவர்களில் அவனும் ஒருவன்.

எர்ல்வாங்கர் செய்தது மிக எளிய காரியம். அவன் அருகில் உட்கார்ந்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டார். பின்னத்தைத் தசமமாக மாற்ற பென்னியிடம் ஒரு விதி இருந்தது: தொகுதியையும் பகுதியையும் கூட்டு, பிறகு புள்ளி வை. 2/10 அவனுக்கு 1.2, 5/10 அவனுக்கு 1.5, 400/400 அவனுக்கு 8.00. 4/11, 11/4 ஆகிய இரண்டுமே 1.5 என்பதில் அவனுக்கு எந்த நெருடலும் இல்லை. 0.3-ஐயும் 0.4-ஐயும் கூட்டினால் 0.07 என்றான். கணிதம் என்பது யாரோ ஒரு கெட்டிக்காரர் உண்டாக்கிய விதிகளின் கூட்டம் என்றும், சரியான விடைகள் பல இருந்தும் விடைக்குறிப்பு ஒன்றை மட்டும் ஏற்கிறது என்றும் அவன் நம்பினான். தன் அளவில் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. விடைக்குறிப்பில் 2/4 என்றிருக்கும்போது 1/2 என்று எழுதினால் தவறு என்று வந்துவிடும். இரண்டும் ஒன்றே என்று அவனுக்குத் தெரியும், குறிப்புக்குத் தெரியாது. இப்படிப் பல முறை நடந்தபின், விடைக்குறிப்பு எதை எதிர்பார்க்கிறது என்று ஊகிப்பதே கணிதம் என்ற முடிவுக்கு வந்தான்.

இந்தக் கட்டுரையின் கனம் பென்னியின் பிழைகளில் இல்லை. அந்தப் பிழைகள் இத்தனை ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை என்பதில் இருக்கிறது. மதிப்பீடு அடிக்கடி நடந்தது, உடனுக்குடன் நடந்தது, தனித்தனியாக நடந்தது. கல்விச் செயலிகளின் விளம்பரங்களில் வரும் மூன்று சிறப்புகளும் இவைதாம். மூன்றும் இருந்தும் பையனின் மனத்தில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை.

3. பிழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு

பென்னியின் விதி தவறானது. ஆனால் அது விதி. குழந்தைகள் கண்டபடி தவறு செய்வதில்லை என்பதைக் கணினியின் துணையோடு விரிவாகக் காட்டியவர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும். 1978-இல் அவர்கள் வெளியிட்ட ‘பக்கி’ என்ற நிரல் கழித்தல் கணக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம்.

503-இலிருந்து 178-ஐக் கழிக்கவேண்டும். சரியான விடை 325. ஒரு மாணவி 425 என்று எழுதுகிறாள். அவள் கடன் வாங்கத் தெரிந்தவள். பூச்சியத்தை 9 ஆக்கவும் தெரியும். நூறாம் இடத்து 5-ஐ 4 ஆக்க மட்டும் விட்டுவிடுகிறாள். வேறு இருவர் 475 என்று எழுதுகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறாள்: 8-இல் 3 போனால் 5, 7-இல் 0 போனால் 7, 5-இல் 1 போனால் 4. மற்றவன் 13-இல் 8 போக 5 என்று முறையாகத் தொடங்குகிறான். பக்கத்தில் பூச்சியம், அதனிடம் கடன் கொடுக்க ஒன்றுமில்லை, அதை அப்படியே விட்டுவிடுகிறான். 0-வில் 7 போகாது, எனவே 7 என்று எழுதுகிறான். பிறகு 5-இல் 1 போக 4. இருவர் விடையும் 475.

இந்த இடத்தில் மனிதத் திருத்துநரும் நின்றுவிடுவார், இயந்திரமும் நின்றுவிடும். ஒரே விடையை வைத்துக்கொண்டு இருவரையும் பிரித்தறிய வழியில்லை. இன்னொரு கணக்கு வேண்டும்: 542-இலிருந்து 178. இதில் மேலே பூச்சியம் இல்லை. சிறியதைப் பெரியதிலிருந்து கழிப்பவள் 436 என்பாள். பூச்சியத்தில் மட்டும் தடுமாறுபவன் 364 என்று சரியாகச் செய்துவிடுவான். இவ்விருவரில் முதலாமவளுக்குக் கடன் வாங்குதல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டும்; இரண்டாமவனுக்குப் பூச்சியத்தைத் தாண்டி நூறிடம் போகக் கற்பித்தால் போதும். மதிப்பீட்டின் உயிர் அந்த இரண்டாம் கணக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

பிரவுனும் பர்ட்டனும் இதை ஒரு விளையாட்டாகவும் ஆக்கினர். கணினி ஒரு பிழையுள்ள மாணவராக நடிக்கும். ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் கணக்குகளைக் கொடுத்து, கணினி தரும் தவறான விடைகளைப் பார்த்து, அதன் பிழை விதியைக் கண்டுபிடிக்கவேண்டும். அடுத்த கணக்குக்கு அது என்ன தவறான விடை தரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் வெற்றி. நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இன்றும் இத்தகைய பயிற்சி இல்லை என்பது வியப்புக்குரியது. அதற்கு உயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

இந்த முயற்சி ஏன் பள்ளிகளுக்குப் பரவவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். பிழைப் பட்டியலைக் கையாலேயே தயாரிக்கவேண்டியிருந்தது. கழித்தலுக்கே நீண்ட பட்டியல் என்றால், பின்னத்துக்கும் இயற்கணிதத்துக்கும் எவ்வளவு! பிரவுனும் கர்ட் வான்லேனும் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஒரே குழந்தை இன்று ஒரு பிழையும் நாளை வேறொரு பிழையும் செய்வதைக் கண்டனர். வழியில் முட்டுக்கட்டை வந்தால் குழந்தை அவ்வப்போது ஓர் ஒட்டுவேலை செய்து தாண்டுகிறது. அந்த ஒட்டு நாளுக்கு நாள் மாறுகிறது. எல்லாவற்றிலும் கசப்பான செய்தி 1989-இல் டெரெக் ஸ்லீமன் குழுவினரின் இயற்கணித ஆய்விலிருந்து வந்தது: பிழையைக் கண்டறிந்து அதற்கேற்பத் திருத்திய மாணவர்கள், பாடத்தை மீண்டும் நடத்திக் கேட்ட மாணவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. பிழையைக் கண்டறிந்தாலே கற்றல் நிகழ்ந்துவிடும் என்று கருதுவோர் இந்த முடிவை மறக்கக்கூடாது. பிழைக்குப் பெயர் வைப்பது வேறு. மாணவர் தம் விதியைத் தாமே சந்தேகிக்கும் நிலைக்குக் கொண்டுவருவது வேறு.

4. மொழி மாதிரிகள் கொண்டுவந்த மாற்றமும் ஆபத்தும்

பக்கி நிரலுக்கு விடை மட்டுமே தெரியும். மாணவர் எழுதிய விளக்கத்தைப் படிக்கத் தெரியாது. 2020-களில் பரவிய பெரிய மொழி மாதிரிகள் அந்த இடத்தில்தான் உண்மையிலேயே புதியவை. குழந்தையின் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்தால் படிகளை வாசிக்கின்றன. உடைந்த வாக்கியத்தில் சொன்ன காரணத்தையும் ஓரளவு பிடித்துக்கொள்கின்றன.

பிரிட்டனில் இயங்கும் ‘ஈடி’ என்னும் தளம் கொள்குறி வினாக்களை ஒரு சிறப்பான முறையில் தயாரிக்கிறது: ஒவ்வொரு தவறான தெரிவும் ஒரு குறிப்பிட்ட தவறான புரிதலிலிருந்து பிறந்ததாக இருக்கவேண்டும். நம் ஒரு மதிப்பெண் வினாக்களில் தவறான தெரிவுகள் பெரும்பாலும் இடத்தை நிரப்பவே வைக்கப்படுகின்றன. இந்த ஒரு வேறுபாடு போதும், அதே 14 மதிப்பெண்ணில் பல மடங்கு தகவல் கிடைக்க. 2024-இல் ஈடி, ‘காகில்’ என்னும் இயந்திரக் கற்றல் போட்டித் தளத்தின் வழியாக நடத்திய போட்டியில், தவறான தெரிவுக்குப் பின்னுள்ள புரிதலை இயந்திரம் ஊகிக்கவேண்டும் என்பது பணி. 2025-இல் வந்த தொடர் போட்டி, மாணவர்கள் தாமே எழுதிய விளக்கங்களிலிருந்து அதைக் கண்டறியக் கேட்டது. போகும் திசை சரியானது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2025 மார்ச்சில், அமெரிக்கக் கணித ஒலிம்பியாட்டின் புதிய வினாக்களை முன்னணி மொழி மாதிரிகளுக்குக் கொடுத்து, நிறுவல்களை அனுபவமுள்ள மனிதர்கள் திருத்தினர். அப்போது முதலில் சோதித்த மாதிரிகள் 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அதே நிறுவல்களை மொழி மாதிரிகளிடமே திருத்தக் கொடுத்தபோது, மனிதர் அளித்ததைவிடப் பல மடங்கு தாராளமாக மதிப்பெண் விழுந்தது. சரளமாக எழுதிய பொய் நிறுவலை இயந்திரத் திருத்துநர் நம்பிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட்டில் கூகுள் டீப்மைண்டும் ஓப்பன்ஏஐயும் தத்தம் மாதிரிகள் 42-க்கு 35 எடுத்துத் தங்கப் பதக்க அளவை எட்டியதாக அறிவித்தன. கணக்குப் போடும் திறன் நான்கே மாதங்களில் இப்படிப் பாய்ந்தது உண்மை. ஆனால் கணக்குப் போடத் தெரிந்தவர் எல்லாரும் குழந்தையின் பிழையைப் படிக்கத் தெரிந்தவர் ஆவதில்லை. பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஒருவரை மூன்றாம் வகுப்பில் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நன்கு அறிந்தவர் கண், விடுபட்ட படியைத் தானே நிரப்பிக்கொண்டு மேலே போய்விடும். திருத்துபவருக்கு அது பெரும் குறை.

பென்னியின் கதை இங்கே மறுபடி நடக்கக்கூடும். விடைக்குறிப்பு எதிர்பார்ப்பதை ஊகிக்கக் கற்றவன் அவன். இயந்திரத் திருத்துநருக்குப் பிடித்த சொற்களை, ‘எனவே’, ‘இதிலிருந்து’ என்ற அலங்காரங்களை, ஊகிக்கக் கற்கும் தலைமுறை நாளை வரும். அதற்கான கைடு நூல்கள் அடுத்த நாளே வந்துவிடும்.

5. வாய்மொழிக் கணக்கு

தாளில் ஏறாத கணித அறிவும் உண்டு. 1985-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காய், எலுமிச்சை, பாப்கார்ன் விற்ற ஐந்து குழந்தைகளிடம் தெரெசின்யா கர்ரேர், டேவிட் கர்ரேர், அனாலூசியா ஷ்லீமன் ஆகியோர் வாங்குபவர்களாகச் சென்று கணக்குக் கேட்டனர். கடையில் கேட்டபோது 98 விழுக்காடு விடைகள் சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடே சரி. 35 குருசெய்ரோ விலையுள்ள தேங்காய் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டபோது 12 வயதுச் சிறுவன், மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, பிறகு 315, அதோடு ஒன்று 350 என்று போனான். பத்தால் பெருக்கப் பூச்சியம் சேர்க்கவேண்டும் என்ற பள்ளி விதி அவனுக்கு நினைவில் வரவில்லை, தேவைப்படவும் இல்லை. 2025-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளிடம் இதே நிலையைக் கண்டது; சந்தைக்குப் போகாத பள்ளிக் குழந்தைகள் இதற்கு நேர்மாறாக, புத்தகக் கணக்கில் தேறிச் சந்தைக் கணக்கில் திணறினர்.

தாளில் எழுதிய விடையை மட்டும் படிக்கும் மதிப்பீடு, இயந்திரமானாலும் மனிதரானாலும், இத்தகைய அறிவைத் தவறவிடும். இந்தியாவில் 2005 முதல் நடந்துவரும், பள்ளிக் குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வு குழந்தைகளை வீட்டில் சந்தித்து ஒவ்வொருவராகச் சோதிக்கிறது. 2024 அறிக்கையின்படி ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்பினரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரே வகுத்தல் கணக்கைச் செய்தனர். மீதியுள்ளவர்கள் எங்கே நின்றார்கள் என்பதை அறிய ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசவேண்டும். 40 பேர் வகுப்பில் ஒரே ஆசிரியர் அதைச் செய்ய முடியாது என்பது எல்லாரும் அறிந்தது. பேச்சைக் கேட்டு அடுத்த கேள்வி கேட்கும் இயந்திரத் துணை நியாயமாகத் தேவைப்படும் இடம் இதுதான். பெரியவர் பேச்சைவிடக் குழந்தையின் பேச்சை எழுத்தாக்குவது இயந்திரத்துக்குக் கடினம், வட்டார வழக்கு சேர்ந்தால் மேலும் கடினம் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

6. தமிழில் எழும் தனிச் சிக்கல்

வெளிநாட்டுப் பிழைப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துக்கொள்ள இயலாது. ஆங்கிலத்தில் 3/5 என்பதை மேலிருந்து கீழாகப் படிக்கிறார்கள். தமிழில் ஐந்தில் மூன்று என்று கீழிருந்து மேலாகப் படிக்கிறோம். காதில் கேட்ட வரிசையில் எழுதும் தமிழ்க் குழந்தை 5/3 என்று எழுதக்கூடும். பின்னம் புரியவில்லை என்று இயந்திரம் அதற்கு முத்திரை குத்தினால் அது அநியாயம். குழந்தைக்குப் பின்னம் புரிந்திருக்கிறது, எழுதும் வரிசையில் மட்டுமே தடுமாற்றம். இத்தகைய பிழைகளைத் தமிழ் வகுப்பறையில் நின்றவர்களால்தான் பட்டியலிட முடியும்.

7. முடிவெடுப்பவர் யார்

முடிவைக் கணக்கீட்டிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020-இல் கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் பள்ளி இறுதியில் எழுதும் ஏ-லெவல் தேர்வுகள் நடக்கவில்லை. ஆசிரியர்கள் தந்த தரங்களை, பள்ளிகளின் பழைய தேர்ச்சி விவரங்களை வைத்து ஒரு கணக்கீட்டு முறை திருத்தியது. ஏறத்தாழ 39 விழுக்காடு தரங்கள் கீழிறங்கின. முன்பு நல்ல தேர்ச்சி காட்டாத பள்ளிகளில் படித்த திறமையான மாணவர்கள் அடிபட்டனர். ஆகஸ்ட் 13-இல் முடிவு வெளியானது. மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். 17-ஆம் நாள் அரசு அந்தக் கணக்கீட்டு முறையைக் கைவிட்டது. அது செயற்கை நுண்ணறிவுகூட இல்லை, எளிய புள்ளியியல்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கற்றல் விளைவுகளை மதிப்பிடும் அமைப்புகளை உயர் ஆபத்துப் பிரிவில் வைத்திருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஒரு குழந்தையின் தவறான புரிதல்களின் பட்டியல் மிக அந்தரங்கமான தரவு. அது பள்ளியை விட்டு வெளியே போகக்கூடாது. ஆண்டு முடிவில் அழிக்கப்படவேண்டும்.

8. செய்யத்தக்கவை

இயந்திரம் மாணவருக்கு மதிப்பெண் காட்டக்கூடாது. 1988-இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதாரம்: கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினர், அதே கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பயன் மறைந்தது. எண் கண்ணில் பட்டதும் எழுத்தை யாரும் படிப்பதில்லை.

வினாக்கள் மாறவேண்டும். ‘இரு எண்களைப் பெருக்கினால் விடை அவ்விரண்டையும்விடப் பெரியதாக இருக்கும்: எப்போதுமா, சில நேரமா, ஒருபோதும் இல்லையா? எடுத்துக்காட்டுத் தருக’ என்ற ஒரே வினா, ஒரு பக்கப் பெருக்கல் கணக்குகளைவிட அதிகம் சொல்லும். முழு எண்களோடு நின்றவர், பின்னத்தை நினைத்தவர், பூச்சியத்தை நினைத்தவர், எதிர்மறை எண்ணை நினைத்தவர் எனப் பிரித்தறிய இயந்திரத்துக்கும் இதில் இடம் உண்டு.

இயந்திரம் தீர்ப்பைச் சொல்லாமல் ஊகத்தைச் சொல்லவேண்டும்: இந்த விடைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், பிரித்தறிய இந்தக் கணக்கைக் கொடுங்கள் என்று. ஊகத்தை ஏற்பதும் தள்ளுவதும் ஆசிரியர் கையில். ஆசிரியர் தள்ளிய ஊகங்களையும் பதிவு செய்தால்தான் இயந்திரம் எங்கே வழக்கமாகத் தவறுகிறது என்பது தெரியவரும். பக்கி போன்ற பிழை தேடும் பயிற்சி ஆசிரியர் கல்வியில் இடம்பெறவேண்டும். அதற்கு அரசாணை எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு ஆசிரியர்களும் ஒரு கரும்பலகையும் போதும்.

பொதுத்தேர்வு விடைத்தாள்களை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் நிலை இன்னும் வரவில்லை. வீட்டுப்பாட நோட்டில் தொடங்கலாம். அங்கே இயந்திரம் தவறினால் யாருடைய கல்லூரி இடமும் போகாது. அதற்கு முன்தேவை தமிழ்ப் பிழைத் தொகுப்பு ஒன்று. இந்த அவையில் உள்ள கணித ஆசிரியர்கள், இந்த ஆண்டு தம் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் தவறான விடைகளை, மாணவர் பெயரை நீக்கி, மாணவர் சொன்ன காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, ஒரு நோட்டில் சேர்த்துவரவேண்டும் என்பது இவ்வுரையின் வேண்டுகோள். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கித் தொகுக்கட்டும்.